தம்பலகாமத்துச் சேற்றில் வேட்டைப் பூட்ஸ்

கனடாவிலிருந்து வரும் மைத்துனர் கொண்டுவரவிருக்கும் வேட்டைப் பூட்ஸ் நம் திருகோணமலைப் பகுதிக்குப் பொருந்துமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் எனக்கும் அப்படியொரு சோடி கிடைத்தது. யாரிடமும் கேட்காமல் அணிந்துகொண்டு போனதால் பட்டவற்றை எழுதுகிறேன்.

என் பாட்டனார் துவக்குடன் காட்டுக்குப் போனவர். நான் போவதெல்லாம் பெரும்போகத்தில் தம்பலகாமத்து வயலைப் பன்றியிடமிருந்து காப்பதற்கும், வெருகல் பக்கம் மாமாவின் பட்டி மாடுகளைத் தேடுவதற்கும்தான். மானும் மரையும் 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைத் தேடிப் போவதற்காக இதை எவரும் வாசிக்க வேண்டாம். ஆனால் வேட்டைக்காரருக்காகச் செய்யப்பட்ட பூட்ஸைப் பற்றிய அறிவு காவலுக்குப் போகிறவருக்கும் வேண்டியதே.

குளிர்நாட்டு வேட்டைக்காரர் பனி உறைந்த நிலத்திலோ மரத்தில் கட்டிய மேடையிலோ பல மணிநேரம் அசையாமல் இருப்பவர். அசையாத காலில் சூடு பிறக்காது என்பதால், அவருடைய பூட்ஸுக்குள் வெப்பம் காக்கும் பஞ்சு வைத்துத் தைக்கிறார்கள். அதன் மேல் எழுதப்பட்டிருக்கும் 200, 400, 800 கிராம் என்பது பூட்ஸின் எடையன்று. அந்தப் பஞ்சு ஒரு சதுர மீற்றருக்கு எவ்வளவு எடை என்பதே அது. மலையேறி நடக்கிறவர் 200 கிராமையோ, பஞ்சே இல்லாததையோ எடுப்பார். உறைபனியில் உட்கார்ந்திருப்பவர் 800க்கு மேல் எடுப்பார். எனக்குக் கிடைத்தது 800. ஆவணி மாதத்துக் கச்சான் காற்றில், திரியாய்ப் பக்கத்துப் பற்றைக் காட்டில் அதை அணிந்து அரைநாள் நடந்தேன். கழற்றியபோது கால்மேஸைப் பிழிந்தால் வியர்வை சொட்டியது; குதிக்காலின் தோல் வெளுத்து ஊறி, விரலால் தொட்டதும் உரிந்து வந்தது.

அதைவிட மோசமான அனுபவம் மாரியில் வந்தது. அந்தப் பூட்ஸின் உட்புறத்தில் நீர்புகா மென்படலம் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து வரும் ஈரத்தை அது நன்றாகவே தடுத்தது. ஆனால் மாமாவுடன் ஓர் ஓடையைக் கடந்தபோது தண்ணீர் முழங்கால் வரை வந்து, பூட்ஸின் மேல்வாய் வழியே உள்ளே இறங்கிவிட்டது. வெளியிலிருந்து தண்ணீர் புக முடியாத பூட்ஸிலிருந்து உள்ளே போன தண்ணீர் வெளியேறவும் முடியாது. இரண்டு வாளிகளைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பதுபோல நடந்தேன். அடுத்த மூன்று நாளும் அது காயவில்லை. மாமா அணிந்திருந்ததோ பழைய கன்வஸ் சப்பாத்து. கரையேறிப் பத்து எட்டு வைப்பதற்குள் அதிலிருந்த தண்ணீர் தானே வடிந்துபோயிற்று.

அன்றிலிருந்து நான் உறுதியாக நம்புவது இதுதான்: நம் மாவட்டத்துக் காட்டில் தண்ணீரை உள்ளே விடாத பூட்ஸைத் தேட வேண்டியதில்லை, உள்ளே வந்த தண்ணீரை விரைவாக வெளியே விடும் பூட்ஸையே தேட வேண்டும். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினர் அணிந்த காட்டுப் பூட்ஸின் உட்பக்கத்தில், பாதத்தின் வளைவுக்கு அருகே, வலையிட்ட இரண்டு சிறு துளைகள் இருந்தன. மேற்பகுதி தோலாக இல்லாமல் விரைவில் காயும் துணியாக இருந்தது. அந்த வடிவத்தில் செய்யப்பட்ட பழைய சோடி ஒன்றை வாங்கி ஐந்து மாரி கழித்துவிட்டேன். அடித்தளம் தடிப்பாக இருப்பதால் சூரை முள்ளும் காரை முள்ளும் இதுவரை ஏறவில்லை. ரப்பர்ச் செருப்போடு போன காலத்தில் முள் அடித்தளத்தைத் துளைத்துப் பாதத்தில் ஏறி, உள்ளேயே முறிந்த வேதனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வயல் காவலுக்கு மட்டும் நான் கம்பூட்ஸை, அதாவது உயரமான ரப்பர்ப் பூட்ஸைத்தான் அணிகிறேன். அதற்குக் காரணமான இரவைச் சொல்ல வேண்டும். கதிர் முற்றியிருந்த நேரம். பரணிலிருந்து இறங்கி, டோர்ச் வெளிச்சத்தைத் தூரத்து வேலியில் வைத்துக்கொண்டே வரம்பில் நடந்தேன். குக்கரில் ஆவி வெளியேறுவதுபோல ஒரு சத்தம் நீளமாகக் கேட்டது. பின்னால் வந்த பெரியப்பா, “தம்பி, காலை எடுக்காத, அப்பிடியே நில்லு” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வலது கணுக்காலில் யாரோ கல்லெறிந்ததுபோல ஓர் அடி விழுந்தது. வெளிச்சத்தைக் கீழே திருப்பினோம். புடையன் பாம்பு புல்லுக்குள் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. பரணடியில் வைத்துப் பார்த்தபோது, கம்பூட்ஸின் சேற்றுப் படிவின் மேல், நகத்தளவு இடைவெளியில் இரண்டு ஈரக் கோடுகள் வழிந்திருந்தன. பூட்ஸ் எனக்கு ஓர் அளவு பெரியது. ரப்பருக்கும் காலுக்கும் இடையே தளர்வு இருந்ததும் என்னைக் காப்பாற்றியதென்று நினைக்கிறேன். எந்தப் பாம்பின் பல்லையும் கம்பூட்ஸ் தாங்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் பாம்புக்கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலுமே படுவதால், வெறுங்காலோடு இரவில் வரம்பில் நடக்கிறவர்களைக் காணும்போது எனக்கு மனம் பதறுகிறது.

இன்னொன்று. பெட்டியில் பத்திரமாக வைத்த அந்த வேட்டைப் பூட்ஸை இரண்டு ஆண்டுகளின் பின் எடுத்தபோது, அடித்தளம் பழைய பாண் போல உதிர்ந்தது. பொலியூரித்தேன் என்னும் பொருளால் செய்த அடித்தளம், அணியாமல் வைத்திருந்தாலும், காற்றின் ஈரமும் வெப்பமும் பட்டுத் தானாகவே சிதைந்துவிடும். ஆகவே மைத்துனரிடம், பஞ்சு வைக்காததாக, ரப்பர் அடித்தளம் தைத்ததாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

*

கிண்ணியாவிலிருந்து ஒருவர் எழுதியது:

கம்பூட்ஸைப் பற்றிச் சகோதரர் எழுதியதோடு எனக்கு ஒரு பகுதியில் உடன்பாடில்லை. வரம்பில் அது சரி. உழுத வயலின் ஆழச் சேற்றில் கால் வெளியே வரும், பூட்ஸ் உள்ளேயே நின்றுவிடும். எங்கள் வாப்பா அதனால்தான் வெறுங்காலோடு நின்றார். காலில் இருந்த சிறு வெட்டுக்காயத்தின் வழியே எலிக்காய்ச்சல் பிடித்து, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து சுகமாகி வந்தார். இப்போது விதைப்புக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் டொக்சிசைக்கிளின் குளிசையை நாங்கள் தவறாமல் எடுக்கிறோம். சேற்றுக்குள் கணுக்காலோடு இறுக்கிக் கட்டும் கன்வஸ் சப்பாத்தை அணிகிறோம். களப்பில் இறங்குவதற்கும் அதுவே போதும். மட்டிச் சிப்பி காலைக் கிழிக்காது. கம்பூட்ஸோடு களப்பில் இறங்காதீர்கள். அதற்குள் தண்ணீர் நிறைந்தால் ஆழத்தில் காலைத் தூக்கவே முடியாது.

*

முதலில் எழுதியவரின் பதில்:

உழுத சேற்றைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்; நான் வரம்பை மட்டுமே மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். வாப்பா சுகமாகி வந்தது பெரிய ஆறுதல். கன்வஸ் சப்பாத்தை நீங்கள் எப்படிக் காயவைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். நான் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரவில் ஒருமுறை மாற்றுவேன். அடுப்படியில் வைத்தால் பசை விட்டுவிடுகிறது. காலையில் தாளை எடுத்தபின் தலைகீழாகப் பிடித்து இருமுறை தட்டாமல் காலை நுழைப்பதில்லை. போன கார்த்திகையில் அப்படித் தட்டியபோது, விரல் நீள மட்டத்தேள் ஒன்று விழுந்து திண்ணையில் ஓடியது.