ஆன்டன் எழுத்துருத் தலைப்பில் ஆங்கிலம் அடைத்துக்கொள்கிறது, தமிழ் பரந்து நிற்கிறது. என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். வலைப்பக்கத்தின் முகப்புத் தலைப்புக்கு ஆன்டன் எழுத்துரு போட்டிருக்கிறேன். தடிமனாகவும் நெருக்கமாகவும் போஸ்டர் மாதிரி வேண்டும். ஆனால் ஆங்கில எழுத்துகளின் உள்வெளி (O, A போன்றவற்றின் நடுவே உள்ள வெற்றிடம்) அடைபட்டு மை கசிந்ததுபோல் தெரிகிறது. எழுத்துருவின் மாதிரிப் பக்கத்தில் இப்படி இல்லை. அதே வரியில் வரும் தமிழோ அகலமாக, தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) டிரான்ஸ்ஃபார்ம் கொடுத்துத் தமிழை 70% அகலத்துக்கு நெருக்கினேன், இன்னும் மோசம். பேபாஸ் நியூ எழுத்துருவுக்கு மாறினால் சரியாகுமா?

பதில் 1:
மாறினாலும் இதே கதைதான். கூகுள் ஃபான்ட்ஸ் எழுத்துருத் தளத்தில் இரண்டுக்கும் 400 என்ற ஒரே தடிமன்தான். தலைப்புக் குறிக்கு (h1 போன்றவை) உலாவி தானாகவே போல்டு, அதாவது தடித்த வடிவம் கேட்கும். எழுத்துருவில் அது இல்லாததால் உலாவியே கோடுகளைப் பருமனாக்கிப் போலி போல்டு செய்கிறது. ஏற்கெனவே தடித்த எழுத்து, உள்வெளி அடைபடாமல் என்ன செய்யும்? தலைப்புக்கு ஃபான்ட்-வெயிட் 400 என்று கொடுங்கள்.

தமிழ் விஷயம் வேறு. ஆன்டனில் தமிழ் எழுத்துகளே கிடையாது, நீங்கள் பார்ப்பது கணினியில் இருக்கும் ஏதோவொரு எழுத்துரு. அதை நெருக்கினால் நிற்கும் கோடுகள் மட்டும் மெலியும், படுக்கும் கோடுகள் அப்படியே இருக்கும். அகலத்தை மாற்றவென்றே வரைந்த எழுத்துரு வேண்டும். அனெக் தமிழ் எடுங்கள்: தடிமன் 100 முதல் 800 வரை, அகலம் இயல்பில் 75% முதல் 125% வரை. தமிழுக்குத் தனி ஸ்பான் குறி போட்டு, தடிமன் 800, ஃபான்ட்-ஸ்ட்ரெட்ச் 75% வையுங்கள்.

கேட்டவர்:
ஆங்கிலம் உடனே தெளிந்துவிட்டது, நன்றி! அனெக் தமிழும் வந்துவிட்டது, தடிமனும் ஏறியது. ஆனால் ஸ்ட்ரெட்ச் எவ்வளவு கொடுத்தாலும் அகலம் அசையவில்லை.

பதில் 2:
கூகுள் ஃபான்ட்ஸ் இணைப்பில் தடிமனை மட்டும் கேட்டிருப்பீர்கள். அகலத்தை மாற்றும் அச்சையும் (wdth) சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கோப்பு வரும். கோப்பை நீங்களே வைத்திருந்தால் அதை அறிமுகப்படுத்தும் ஃபான்ட்-ஃபேஸ் விதியில் ஃபான்ட்-ஸ்ட்ரெட்ச்சுக்கு 75% 125% என்ற வீச்சைக் குறிப்பிடுங்கள்.

இன்னும் ஒடுக்கமாக வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவின் அகலம் 62.5% வரை இறங்கும், தடிமன் 900 வரை ஏறும். ஆனால் இரண்டையும் கடைசி எல்லைக்குத் தள்ளாதீர்கள். ண, ன இரண்டுக்கும் வித்தியாசமே சுழிதான். அந்த இடைவெளி அடைபட்டால் தலைப்பைத் தப்பாகப் படிப்பார்கள். என்னைக் கேட்டால் தமிழை ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் அகலமாகவே விடலாம், உறுத்தாது.

கேட்டவர்:
அகலம் வேலை செய்கிறது. 75 போதும். இரண்டு வரித் தலைப்பில் மேல்வரி ‘ழு’வின் வால் கீழ்வரிப் புள்ளியில் இடிக்கிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில் 1:
வரி உயரம் 1க்குக் கீழே வைத்திருக்கிறீர்களா? ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது சரி, அதில் பெரும்பாலும் எதுவும் கீழே தொங்காது. தமிழுக்கு 1.2இல் ஆரம்பித்து, வால் இடிக்காத அளவுக்கு ஏற்றுங்கள். அப்புறம், லெட்டர்-ஸ்பேசிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி) மைனஸில் வைத்திருந்தால் தமிழ் ஸ்பானுக்கு மட்டும் 0 ஆக்கிவிடுங்கள்.