பழைய வீட்டுக்குப் பின்னால் புதுக் கட்டடம்: ஒரே சாயலில் கட்ட வேண்டுமா?

கேள்வி:
தாத்தா காலத்து வீடு. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே ஓடு. பின்பக்கம் பெரிய சமையலறையும் அதோடு ஒரு கூடமும் சேர்க்கப் போகிறோம், தட்டைக் கூரை, அகலமான கண்ணாடிக் கதவுகள். அப்பா எல்லாம் பழைய வீட்டு மாதிரியே இருக்க வேண்டும் என்கிறார், எனக்கு அது வேஷம் போட்ட மாதிரி படுகிறது. யார் பக்கம் நியாயம்?

பதில் 1:
உங்கள் பக்கம். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச நெறிமுறையான 1964 வெனிஸ் சாசனமே, பழைய கட்டடத்தில் தவிர்க்க முடியாமல் சேர்ப்பது தனியாகத் தெரிய வேண்டும், அதில் இந்தக் காலத்து முத்திரை இருக்க வேண்டும் என்கிறது. (அது நினைவுச் சின்னங்களுக்கு, வீட்டுக்குச் சட்டம் இல்லை.) கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி கலிபோர்னியாவில் தன் பழைய வீட்டைச் சுற்றி நெளிதகடும் கம்பிவலையும் வைத்தே கட்டினார். அவ்வளவு தூரம் போனால் அப்பா வீட்டை விட்டே கிளம்பிவிடுவார்.

பதில் 2:
சாயல் அப்புறம். முதலில் இரண்டும் சேருகிற இடத்தைப் பாருங்கள். பழைய வீடு தன் பாரத்தில் மண்ணுக்குள் இறங்க வேண்டியது பெரும்பாலும் இறங்கி முடிந்திருக்கும், புதுசு இனிமேல்தான் இறங்கும், இரண்டையும் செங்கல் கோத்து இறுக்கிக் கட்டினால் விரிசலை எதிர்பார்க்கலாம். நடுவில் இடைவெளி விட்டு நெகிழ்ந்து கொடுக்கிற பொருளால் அடைக்கச் சொல்லுங்கள். பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று ஒரு குழி போட்டுப் பார்க்காமல் பக்கத்தில் தோண்டாதீர்கள், அதைவிடக் கீழே போனால் பழைய சுவருக்கு அடியிலிருக்கும் மண் சரியும். ஓட்டுச் சரிவிலிருந்து வரும் தண்ணீரும் புதுத் தட்டைக் கூரையில்தான் விழும், அதனால் தண்ணீர் வடிய வாட்டம் (சரிவு) தாராளமாக வேண்டும். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசாதீர்கள், ஈரம் வெளியேற முடியாமல் ஓதம் காத்துவிடும்.

பதில் 3:
வெளிச்சத்தை மறந்துவிட்டீர்களே. பின்சுவர் ஜன்னல்தான் நடு அறைக்கு ஆதாரம் என்றால் அந்த அறை இருட்டாகிவிடும். பழைய சுவரை ஒட்டினாற்போல் புதுக் கூரையில் ஒரு கண்ணாடிப் பட்டை விடலாம். பழைய சுவர் வெளிச்சத்தில் முழுசாகத் தெரியும், அப்பாவும் சமாதானம் ஆவார்.

கேட்டவர்:
நல்ல யோசனை. அந்த ஜன்னலையே இடித்து அகலமான வழியாக்கலாமா?

பதில் 2:
ஆக்கலாம், ஆனால் அது பாரம் தாங்கும் சுவராக இருக்கும். கூரைக்கு முட்டுக் கொடுத்து, பீம் ஏற்றி, அப்புறம்தான் கீழே இடிக்க வேண்டும். பீம் முனை உட்காருகிற இடத்தில் பழைய செங்கல் நசுங்காமல் கான்கிரீட் திண்டு வேண்டும். அளவைக் கட்டமைப்பு என்ஜினியர் கணக்குப் போட்டுத் தரட்டும், கொத்தனார் கண்ணால் பார்த்துச் சொல்வது இதற்குப் போதாது.