துக்கத்திலும் கோபத்திலும் சோற்றைத் தேடும் மனம்: பேலியோ என்னும் மாவுச்சத்துக் குறைந்த உணவுமுறையில் இருப்போரின் அனுபவங்கள்

காவிரிக்கரை:
அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய இரவில், அடுக்களை இருட்டில் நின்றபடியே தூக்கில் மிஞ்சியிருந்த பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். பசி துளியும் இல்லை. விளக்கைப் போட்ட அண்ணி ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போனார். கல்யாணப் பந்திகளில்கூடக் கூட்டும் பொரியலும் மோருமாக எழுந்து வந்தவள் நான். அந்த டம்ளரைக் கண்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. பாயசம் குடித்தது என்னை உறுத்தவில்லை. மறுநாள் எடை இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டியபோது, இனி எதற்கு இந்த டயட் என்று தோன்றிய வெறுமைதான் இன்னும் உறுத்துகிறது. துக்கத்தில் சாப்பிட்டவர்கள் மறுநாள் எப்படித் தொடங்கினீர்கள்?

ஆவடி ஷிப்ட்:
அந்த இரண்டு கிலோவும் கொழுப்பு அல்ல, சகோதரி. மாவுச்சத்து கிளைகோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையாகத் தசையிலும் கல்லீரலிலும் சேரும்போது ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் தங்குகிறது. ஒரு கிலோ கொழுப்பு ஏறவோ தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி வேண்டும். எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் எதிரி. மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் ஏசிய இரவில், வேலை முடிந்து நேராகப் பரோட்டாக் கடையில் போய் நின்றேன். கல்லில் கொத்தும் சத்தமே என்னை இழுத்தது. நான் வாய் திறப்பதற்குள் மாஸ்டர் என் முகத்தைப் பார்த்து, "வழக்கம்போல நாலு முட்டை ஆம்லெட்தானே தம்பி?" என்று கேட்டபடியே முட்டையை உடைத்துவிட்டார். அன்று என்னைக் காத்தது மன உறுதி அல்ல. என் வழக்கத்தை அறிந்த ஒருவர் அங்கே இருந்ததுதான்.

நெல்லை அடுக்களை:
ஆவடி நண்பர் அந்தக் கடைப் பக்கம் போகாமலே இருக்க முடியும். வீட்டில் எல்லோருக்கும் சோறு வடிப்பவளுக்கு அந்த வழி இல்லை என்பதை இங்கே பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மகன் தேர்வில் தோற்றுக் கதவை அடைத்துக்கொண்ட அன்று, அவன் தொடாமல் வைத்திருந்த தயிர்சாதத் தட்டைக் கழுவ எடுத்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்து முழுவதையும் உண்டேன். அதைப் பார்த்த மாமியார், "இப்பந்தான் மனுசி மாதிரி சாப்பிடுத" என்று மனம் நிறைந்து சொன்னார்கள். அந்த மகிழ்ச்சியை என்னால் மறக்கவே முடியவில்லை. காவிரிக்கரைக்கு என் பதில்: மறுநாள் காலை மகனுக்கு முட்டை பொரித்தபோது எனக்கும் சேர்த்துப் பொரித்தேன், இருவரும் பேசாமல் ஒன்றாகச் சாப்பிட்டோம், டயட் அங்கேயே தொடர்ந்தது.

பழைய உறுப்பினர்:
மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்த நாளில் மருத்துவமனை வாசலில் நானும் பன் வாங்கித் தின்றிருக்கிறேன். ஆனால், எல்லோரும் மனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், வயிற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. காரிய வீட்டில் சகோதரிக்கு அன்று புரதம் எங்கே கிடைத்திருக்கும்? காலையில் நூறு பாதாமோ நெய்யில் பொரித்த முட்டையோ உண்டவரை இரவு இனிப்பு அவ்வளவு எளிதில் இழுக்காது. அடுத்து, மாவுச்சத்தைக் குறைத்ததும் இன்சுலின் குறைந்து சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றுவதால் தலைவலியும் சோர்வும் எரிச்சலும் வருகின்றன. புதியவர்கள் பலர் இதையே மனச்சோர்வு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் உப்பிட்ட எலும்பு சூப் குடித்துப் பாருங்கள். எடையை அன்றாடம் பார்க்காமல் இடுப்பளவை மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள். இரவில் கண்விழிக்காதீர்கள், தூக்கம் குறைந்தால் பசி கூடும். பிஸ்கட் டப்பாவைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மாலையில் இனிப்பின் மேல் ஆசை எழுந்தால், மனத்தை அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

நெல்லை அடுக்களை:
ஐயா, அந்த டப்பாவை இறக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியவளும் நானே. காவிரிக்கரை கேட்டது மறுநாளைப் பற்றி.

சேலம்:
பழைய உறுப்பினர் கடைசியாகச் சொன்னதை நான் மறுக்கிறேன். நான் சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு என்ற, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரையை எடுப்பவன். மாவுச்சத்தைக் குறைத்த தொடக்கத்தில், மாலை நேரங்களில் காரணமில்லாத எரிச்சலும் இனிப்பின் மேல் வெறியும் வரும்; வேலை அழுத்தத்தால் மனம் அலைகிறது என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பேன். ஒருநாள் பூங்காவில் சட்டை முழுதும் வியர்த்துக் கைகள் நடுங்கியபோது, உடன் நடந்த நண்பர் தம் குளுக்கோமீட்டரால் இரத்தச் சர்க்கரையை அளந்தார். 62 என்று காட்டியது. அது மனத்தின் ஆசை அல்ல, தாழ்சர்க்கரை. உணவு குறைந்தும் மாத்திரை பழைய அளவிலேயே இருந்திருக்கிறது. மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்த பின் அந்த மாலை வெறி எனக்கு வரவே இல்லை. ஆகவே இவ்வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இந்த உணவுமுறையைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நடுக்கமும் வியர்வையும் சேர்ந்து இனிப்பு ஆசை எழுந்தால் நடக்கப் போகாமல் முதலில் விரலைக் குத்தி அளந்து பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் டயட்டைப் பற்றி எண்ணாமல் 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.