ஆட்டோ சங்கர் வழக்கு: அப்ரூவர் சொன்னதை வைத்தே தூக்கா?

கோத்தகிரி வாசகர்:
எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் இந்த வழக்கைப் பேச எடுத்திருக்கிறோம். ஆறு கொலை, 1991 மே 31-ல் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை, 1995 ஏப்ரல் 27-ல் சேலம் மத்திய சிறையில் தூக்கு. இவ்வளவு தெரியும். கூட்டாளி ஒருவர் அப்ரூவர் (மன்னிப்பு பெற்று அரசுத் தரப்புக்குச் சாட்சி சொல்பவர்) ஆனாரே, கூட இருந்து செய்தவன் பேச்சைக் கோர்ட் எப்படி நம்பியது? இதே மாதிரி வழக்கு நீலகிரியில் வந்தால் எப்படி நடக்கும்?

ஊட்டி கோர்ட் ரோடு:
பழைய சாட்சியச் சட்டம் 133-வது பிரிவு, அப்ரூவர் பேச்சை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் சட்டவிரோதம் இல்லை என்றது. 114-ல் வந்த (ஆ) எடுத்துக்காட்டோ, வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் அவனை நம்பாதே என்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1957-ல் சர்வன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரட்டைச் சோதனை வைத்தது: முதலில் ஆள் நம்பத்தக்கவனா, அடுத்து அவன் சொன்னதற்கு வெளி ஆதாரம் உண்டா.

கும்பல் வழக்கில் சறுக்குவது இரண்டாவதில்தான். ஒவ்வொரு எதிரிக்கும் (குற்றம் சாட்டப்பட்டவருக்கும்) தனித்தனியாக ஆதாரம் காட்ட வேண்டும். முதல் எதிரி வீட்டில் கிடைத்த பொருள் மூன்றாம் எதிரியைக் கட்டாது. ஒரு அப்ரூவருக்கு இன்னொரு அப்ரூவர் துணையாகவும் முடியாது.

அப்ரூவருக்கு மன்னிப்பு கொடுப்பது பழைய குற்ற நடைமுறைச் சட்டம் 306-வது பிரிவில். நம் ஜில்லாவில் ஊட்டி சி.ஜே.எம். (தலைமை ஜுடிஷியல் மேஜிஸ்திரேட்) கோர்ட். தன் பங்கையும் மறைக்காமல் சொல்வதுதான் நிபந்தனை. ‘நான் வாசலில் நின்றேன், அவர்கள்தான் செய்தார்கள்’ என்று தன்னைச் சுத்தமாக்கிக்கொள்ளும் அப்ரூவரைக் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள். மேஜிஸ்திரேட் முன்னால் ஒருமுறை, செஷன்ஸில் ஒருமுறை விசாரிக்க வேண்டும். முதலாவதை விட்டுவிட்டால் மேல்முறையீட்டில் வினை. முன்பே ஜாமீனில் இல்லையென்றால் வழக்கு முடியும்வரை அவனும் உள்ளேதான். பேச்சு மாறினால் பி.பி. (அரசு வக்கீல்) சான்று கொடுத்து, 308-ல் அவனையே எதிரியாக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்து எண்கள் மாறிவிட்டன: 306 இப்போது 343, 308 இப்போது 345, 133 இப்போது 138. இந்த 138-ல் வாசகமும் மாறி, துணை ஆதாரம் உள்ள பேச்சை வைத்துத் தண்டித்தால் சட்டவிரோதம் இல்லை என்று இருக்கிறது.

குன்னூர் மலைச்சாரல்:
சார் சொன்ன ‘வெளி ஆதாரம்’ இந்த மாதிரி வழக்கில் பெரும்பாலும் மண்ணுக்குள்தான் இருக்கும். பழைய சாட்சியச் சட்டம் 27-வது பிரிவுப்படி, போலீசிடம் எதிரி சொன்னதில் பொருள் கண்டுபிடிக்க நேரடியாக உதவிய வரி மட்டும் செல்லும். ‘அந்த இடத்தில் புதைத்தேன்’ என்றால் இடம் அவனுக்குத் தெரியும் என்பது வரை. கொன்ற கதை செல்லாது. முதல் ஆள் காட்டித் தோண்டிய குழியை அடுத்த நாள் இரண்டாம் ஆளும் காட்டினார் என்று எழுதினால் அதில் கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது? தோண்டி முடித்துவிட்டு சாயங்காலம் ஸ்டேஷனில் மகஜர் (சாட்சிகள் கையெழுத்திடும் நேரடிப் பதிவு) எழுதுவது இன்னும் மோசம். வி.ஏ.ஓ. குழி ஓரத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும்.

தோண்ட தாசில்தார் உத்தரவு, நல்ல பகல் வெளிச்சம், டாக்டர் கூடவே இருப்பது மூன்றும் வேண்டும். மண்வெட்டி மேல் மண்ணுக்கு மட்டும், பிறகு கரண்டியும் பிரஷும். எடுத்த மண் முழுவதையும் சலிக்க வேண்டும். விரல் எலும்பும் ஒற்றைவேர்ப் பல்லும் சலிக்காத மண்ணோடு போய்விடும். விஷச் சந்தேகம் இருந்தால் உடலுக்கு மேலும் கீழும் பக்கங்களிலும் அரை அரை கிலோ மண், ஒப்பிட தள்ளி ஓரிடத்து மண்ணும். நாற்றத்துக்கு பினாயில் ஊற்றினால் ரசாயனச் சோதனையே கெட்டுவிடும்.

இங்கே குளிரில் உடல் மெதுவாகச் சிதையும். ஆனால் தேயிலை மண் புளிப்பு, வருஷங்கள் போனால் எலும்பை அரித்துவிடும். கடைவாய்ப்பல் அதற்கும் தாக்குப்பிடிக்கும். இன்று டி.என்.ஏ. எடுக்க அதைத்தான் முதலில் தேடுவார்கள். சங்கர் வழக்கில் மண்டையோட்டை உயிரோடு இருந்தபோது எடுத்த போட்டோவோடு பொருத்திப் பார்த்தார்கள். அந்தச் சோதனை ‘இவர் இல்லை’ என்று சொன்னால் உறுதி. ‘இவர்தான்’ என்றால் துணை ஆதாரம் மட்டுமே. துணி, மோதிரம், பல் அடையாளத்தோடு சேர்ந்தால்தான் நிற்கும்.

கோத்தகிரி வாசகர்:
மிக்க நன்றி சார். செஷன்ஸ் தீர்ப்போடு தூக்கு முடிந்துவிடுமா? வாசகர் வட்டத்துக்கான கைப்பிரதியில் இறந்தவர்கள் பெயரைப் போடலாமா?

ஊட்டி கோர்ட் ரோடு:
முடியாது. ஹைகோர்ட் உறுதி செய்யாமல் தூக்கு இல்லை. பழைய குற்ற நடைமுறைச் சட்டம் 366-வது பிரிவு, எதிரி அப்பீல் போடாவிட்டாலும் ஃபைல் சென்னைக்குப் போகும். சங்கர் வழக்கு அதற்கும் மேலே போய், உச்ச நீதிமன்றம் 1994-ல் தூக்கை உறுதி செய்தது.

பெயர் விஷயத்துக்கும் இதே சங்கரால் வந்த தீர்ப்பு உண்டு. அவர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994 அக்டோபர் 7-ல் உச்ச நீதிமன்றம், கோர்ட் பதிவில் இருப்பதை யாரும் வெளியிடலாம், முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் பெயர் மட்டும் விலக்கு. கைப்பிரதியில் பெண்கள் பெயரை எடுத்துவிடுங்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.