முதல் ஃப்ளிண்ட்லாக் ரைஃபிள்: எது எடுக்கலாம்? கொஞ்சம் அவசரம்

புதுக்கல்:
வணக்கம். முதல் முறையாக ஃப்ளிண்ட்லாக் ரைஃபிள் (கல் உரசும் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் பழைய வகை) வாங்கப் போகிறேன். துல்லியமாகச் சுட வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். புதிதில் ட்ரெடிஷன்ஸ், பெடர்சோலி என்ற இரண்டு நிறுவனங்களின் துப்பாக்கிகளையும் பார்த்து வைத்திருக்கிறேன். தாம்சன் சென்டர் நிறுவனத்து ஹாக்கன் ரைஃபிள் ஒன்றும் பழசாக விலைக்கு வருகிறது. விற்பவர் நாளைக்குள் பதில் கேட்கிறார். எது நல்லது? ஒரு வரி சொன்னாலும் போதும்.

குறிவட்டம்:
எந்த காலிபர், அதாவது குழல் விட்டம்? தாள் இலக்கா, வேட்டையா? எத்தனை கஜத்தில் சுடுவீர்கள்? உருண்டைக் குண்டா, நீளக் குண்டா? நிஜக் கரிமருந்து உங்கள் பக்கம் கிடைக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் யாரும் ஒரு வரி சொல்ல முடியாது. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுமா என்பதும் ஊருக்கு ஊர் மாறும். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேப்போதும்:
என் கருத்து: முதல் துப்பாக்கியாக ஃப்ளிண்ட்லாக்கே வேண்டாம். கேப் துப்பாக்கி (கல்லுக்குப் பதில் சின்ன வெடிமூடி பற்றவைப்பது) ஒன்று எடுங்கள். மருந்து அளப்பது, குண்டைத் துணியில் சுற்றி இறக்குவது, கழுவுவது எல்லாம் அதில் கைவரட்டும். அப்புறம் கல்லுக்கு வரலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்றால் எது தப்பாகப் போனது என்றே கண்டுபிடிக்க முடியாது.

மூத்தகுழல்:
தம்பி, இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்திருக்கிறது. தேடிப் படித்துவிட்டு வந்திருக்கலாம். துல்லியமும் மலிவும் ஒரே துப்பாக்கியில் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டுமே கிடைப்பதில்லை. பணம் சேரும்வரை பொறுங்கள். கையால் செய்யப்பட்ட ரைஃபிள் ஒன்றை வாங்குங்கள். கடைச் சரக்கைப் பற்றி நான் பேசுவதில்லை.

புதுக்கல்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். தாள் இலக்குதான், 50 கஜம், எப்போதாவது 100. உருண்டைக் குண்டு. .50 காலிபர் என்று நினைத்திருக்கிறேன். கடையில் பைரோடெக்ஸ் என்ற மாற்று மருந்து கிடைக்கிறது, அது போதும்தானே? கேப் வேண்டாம், கல்தான் வேண்டும். அதில் முடிவு எடுத்தாகிவிட்டது.

குறிவட்டம்:
பைரோடெக்ஸ் போதாது. மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ள நிஜக் கரிமருந்தை விடக் கூடுதல் சூடு வேண்டும். கேப்பின் நெருப்புக்கு அது சரியாக வரும். பானில், அதாவது குழலுக்கு வெளியே பற்றவைக்கும் மருந்தை வைக்கும் சின்னக் கிண்ணத்தில், எரியும் பொறிக்கு நம்பகமாக வராது. பானில் மட்டும் நிஜ மருந்து போட்டு உள்ளே மாற்று மருந்து கெட்டித்தால் பளிச்சென்று பான் எரியும், குழல் சும்மா இருக்கும். நிஜக் கரிமருந்து எங்கே கிடைக்கும் என்று உறுதி செய்துகொண்டு பிறகு துப்பாக்கியைத் தேடுங்கள். குழலுக்குள் 3எஃப், பானில் 4எஃப் (எண் கூடக் கூட மருந்துப் பொடி நுண்மையாகும்). 4எஃப் கிடைக்காவிட்டால் பானிலும் 3எஃப் போடலாம், நன்றாகவே பற்றும்.

புரிநேசன்:
உருண்டைக் குண்டு என்று சொல்லிவிட்டதால் விஷயம் முடிந்தது. மெதுவான புரி (குண்டைச் சுழற்ற குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளம்) எடுங்கள். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ட்ரெடிஷன்ஸ் பென்சில்வேனியா அப்படித்தான் வருகிறது, குழலும் 40 அங்குலத்துக்குச் சற்று மேல். ஹாக்கனில் இருப்பது 48க்கு ஒரு சுற்று. உருண்டைக்கும் நீளக் குண்டுக்கும் நடுவில் செய்த சமரசம் அது. புரியின் ஆழமும் குறைவு. துணி நன்றாகப் பிடிக்க ஆழமான புரி வேண்டும். அந்த ஹாக்கனை விட்டுவிடுங்கள்.

கரும்புகை:
புரிநேசன் சொல்வதில் பாதி சரி. 48க்கு ஒரு சுற்று உருண்டைக் குண்டை நன்றாகவே சுடும். மருந்தை அடக்கமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான். 50 கஜத்தில் தாள் இலக்குக்கு யாரும் 90 கிரெய்ன் எடை மருந்து போடப் போவதில்லை. மெதுவான புரியின் நன்மை, அதிக மருந்திலும் பொறுத்துப் போகும் என்பது. புதியவருக்கு அந்த வித்தியாசம் தாளில் தெரியவே தெரியாது.

தாளில் தெரியப்போவது லாக், அதாவது பற்றவைக்கும் பொறியமைப்பு. புதுக்கல், நீங்கள் பணத்தை எங்கே போட வேண்டும் என்பதற்கு என் பதிலும் அதுதான். இன்று இத்தாலியில் செய்தாலும் ஸ்பெயினில் செய்தாலும் குழல்கள் பெரும்பாலும் நம்மை விட நன்றாகச் சுடும். கேப் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் வெடித்துவிடும். கல் துப்பாக்கியில் குதிரை (கல்லைப் பிடித்திருக்கும் சுத்தி) விழ வேண்டும், கல் ஃப்ரிஸன் என்ற எஃகுத் தகட்டைச் சுரண்ட வேண்டும், பொறி பானில் விழ வேண்டும், பான் பற்ற வேண்டும், அந்தச் சூடு குழலின் பக்கத்தில் உள்ள தீத்துளை வழியே உள்ளே போக வேண்டும். நல்ல லாக்கில் இதெல்லாம் ஒரே சத்தமாகக் கேட்கும். மோசமான லாக்கில் முதலில் ‘சிஸ்’, பிறகு ‘டம்’. இடையில் உங்கள் கை ஆடும், கண் மூடும், குண்டு எங்கோ போகும். அதற்குக் குழலைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே எந்த மாடலாக இருந்தாலும் நேரில் பாருங்கள். முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. கெட்டிக்கும் கோலைக் குழலில் விட்டு, வாய் அருகே அதில் விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள். குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி தீத்துளை வரை வர வேண்டும். ஒரு அங்குலம் போல முன்னாலேயே நின்றால் யாரோ கெட்டித்து மறந்திருக்கிறார்கள். பழைய துப்பாக்கிகளில் இது அபூர்வமல்ல. காலி என்று உறுதியானதும், குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, பானில் மருந்தில்லாமல், வெளிச்சம் குறைந்த இடத்தில் தட்டிப் பாருங்கள். பொறிகள் கொத்தாகப் பானுக்குள் விழ வேண்டும். வெளியே தெறித்தாலோ, சிவந்து மங்கலாக ஒன்றிரண்டு மட்டும் வந்தாலோ, முதலில் கல்லைச் சந்தேகப்படுங்கள். கல் கூராக இருந்தும் அப்படித்தான் வருகிறது என்றால் ஃப்ரிஸன் மென்மையாக இருக்கிறது. அதை மறுபடி கடினப்படுத்த முடியும், ஆனால் அந்தச் செலவைப் பேரத்தில் கழியுங்கள்.

அப்புறம் அரைக் குதிரை, அதாவது குதிரையைப் பாதி பின்னிழுத்து நிறுத்தும் காப்பு நிலை. அந்த நிலையில் நிறுத்தி விசையை அழுத்தினால் விழக் கூடாது. விழுந்தால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். தீத்துளை பானின் மேல்விளிம்பு உயரத்தில் இருப்பது நல்லது. பானின் அடியில் இருந்தால் மருந்து துளையை அடைத்துக்கொள்ளும், பிறகு அது திரி போல மெல்ல எரிந்துதான் உள்ளே போகும். துளையின் விட்டம் ஒரு அங்குலத்தின் 16-ல் ஒரு பங்கு இருந்தால் சரி.

மூத்தகுழல்:
கரும்புகை சொன்னதெல்லாம் அடிப்படைப் பாடம். புதியவர்கள் இதைக்கூடத் தெரியாமல் வருகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். நீளமான குழல்தான் துல்லியம் தரும் என்பதை யாரும் சொல்லவில்லையே? 42 அங்குலத்துக்குக் குறைவாக எதையும் தொடாதீர்கள் தம்பி.

கரும்புகை:
அது சரியில்லை ஐயா. நீளத்தால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கூடும், குறி பார்ப்பதில் தவறு குறையும், அவ்வளவுதான். குழல் தன்னளவில் கூடுதல் துல்லியம் ஆகிவிடாது. அமெரிக்காவில் லான்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மன் கைவினைஞர்கள் கொண்டுவந்த யேகர் ரைஃபிள்களே குட்டைக் குழல்தான், பெரும்பாலும் 30 அங்குலத்தை ஒட்டி.

புரிநேசன்:
குட்டைக் குழல் என்றால் பேக்கர் ரைஃபிளைச் சொல்லுங்கள். 1800-இல் பிரிட்டிஷ் படைக்கு எசக்கியேல் பேக்கர் கொடுத்தது. 30 அங்குலக் குழலில் கால் சுற்றுதான், அதாவது 120 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நான் சொன்ன மெதுவான புரிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1809 ஜனவரி 3-ஆம் தேதி ஸ்பெயினில் ககாபெலோஸ் பாலத்தருகே பிரெஞ்சு ஜெனரல் கோல்பெரைத் தாமஸ் பிளங்கெட் அதை வைத்துத்தான் சுட்டார்.

மூத்தகுழல்:
600 கஜத்தில். மல்லாந்து படுத்துச் சுட்டார். அந்தக் காலத்து ஆள்கள் வேறு.

குறிவட்டம்:
அந்தத் தூரம் எவ்வளவு என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. 200 என்பவர்களும் உண்டு, 600 என்பவர்களும் உண்டு. ஒரு குண்டு விழுந்ததை வைத்துப் புரியின் அருமையை நிரூபிக்கவும் முடியாது. பேக்கர் கால் சுற்று வைத்ததற்குக் கரி படிந்தாலும் சுலபமாகக் கெட்டிக்க முடியும் என்பது ஒரு காரணம். போர்க்களத்தில் அது வேண்டும். தாள் இலக்கில் ஒவ்வொரு சுடுதலுக்கும் நடுவே நாம் துடைத்துக்கொள்ளலாம்.

புரிநேசன்:
துடைக்காமலேயே சுட முடிகிற புரி நல்லதா, துடைத்தே ஆக வேண்டிய புரி நல்லதா?

குறிவட்டம்:
அதைத் தீர்மானிப்பது துணியில் தடவும் எண்ணெய்தான், புரியல்ல.

கிட்செய்பவன்:
பேக்கரை விட்டுவிட்டுப் புதுக்கல்லுக்கு வருவோமா? கையில் கொஞ்சம் வேலைத் திறமை இருந்தால் கிட் (நாமே பொருத்தும் பாகங்களின் தொகுப்பு) எடுங்கள். கிப்ளர் என்ற நிறுவனத்தின் கிட்களில் கட்டையும் லாக் குழியும் இயந்திரத்தில் நுணுக்கமாக வெட்டியே வருகின்றன. தேய்த்து, பொருத்தி, எண்ணெய் பூசுவதுதான் நம் வேலை. அதே தரத்தில் செய்து முடித்த ரைஃபிளை வாங்கப் போனால் விலை எங்கோ போய்விடும். லாக் அதில் முதல்தரம்.

புதுக்கல்:
கிட் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. ஹாக்கனை நேரில் பார்த்தேன். பொறி நன்றாக வருகிறது, அரைக் குதிரையும் விழவில்லை. ஆனால் தோளில் வைத்தால் கன்னம் சரியாக உட்காரவில்லை. நான் இடதுகைக்காரன், அதனாலா?

கரும்புகை:
அதனால்தான்! இதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் வேறு மாதிரி பேசியிருப்போம். வலதுகை ரைஃபிளில் லாக் வலப்பக்கம், கன்னமேடு இடப்பக்கம். இடதுதோளில் வைத்தால் உங்கள் முகம் லாக் இருக்கும் பக்கத்தில் வரும். பானின் பளிச்சும் தீத்துளையிலிருந்து பக்கவாட்டில் பீறிடும் நெருப்பும் கண்ணுக்குப் பக்கத்தில் நடக்கும். அப்படிச் சுடும் இடதுகைக்காரர்கள் இருக்கிறார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டுதான். கண்ணாடி எல்லோருக்கும் கட்டாயம், உங்களுக்கு இரட்டிப்பாக. ஆனால் முகத்தருகே நெருப்பு வரும் என்று தெரிந்த உடம்பு தானாகவே சுருங்கும். கல் துப்பாக்கியில் குண்டு வெளியேறும்வரை ஆடாமல் நிற்பதுதான் முழு வித்தை. முதல் துப்பாக்கியிலேயே கண்ணை மூடப் பழகிவிட்டால் பிறகு அதை மறப்பது பெரும்பாடு.

குறிவட்டம்:
ஆமாம், இடதுகை லாக் உள்ளதைத் தேடுங்கள். மாடல்கள் குறைவுதான். லைமன் கிரேட் ப்ளெய்ன்ஸ் இடதுகைக் கல் லாக்குடன் வந்தது, 60க்கு ஒரு சுற்று, 32 அங்குலக் குழல், உருண்டைக்கென்றே செய்தது. லைமன் பெயரில் இப்போது புதிதாக வருவதில்லை, பழசாகக் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்: அதன் பின்தகடு பிறை போல வளைந்திருக்கும். தோள்குழியில் அழுத்தினால் வலிக்கும். தோளுக்குச் சற்று வெளியே, மேல்கையில் வைத்துச் சுடுவது அதன் முறை. சுடுதளத்தில் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள், உங்கள் துளை நெருப்பு இடப்பக்கம் போகும்.

கேப்போதும்:
கேப் துப்பாக்கியில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை.

மூத்தகுழல்:
இடதுகைக்காரர்களும் அந்தக் காலத்தில் வலதுகை லாக்கிலேயே சுட்டார்கள். பழகினால் வரும்.

கரும்புகை:
அந்தக் காலத்தில் இடதுகை லாக் செய்தவர்களும் இருந்தார்கள் ஐயா. கிடைக்கும்போது ஏன் கண்ணைப் பணயம் வைக்க வேண்டும்?

புரிநேசன்:
கோல்பெர் விஷயத்தில் எனக்கு இன்னும் பதில் வரவில்லை. 120க்கு ஒரு சுற்றில் 200 கஜம் என்றாலும் அது சாதனைதானே?

புதுக்கல்:
ஹாக்கன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இடதுகை கிரேட் ப்ளெய்ன்ஸ் ஒன்று, .50, பழசு, கிடைத்துவிட்டது. கோல் சோதனை செய்தேன், காலி. பொறி நன்றாக விழுகிறது. கரிமருந்துக்கும் வழி கிடைத்தது. குண்டும் துணியும் எந்த அளவு? அவ்வளவுதான் கேள்வி. எல்லோருக்கும் நன்றி.

குறிவட்டம்:
.490 அங்குலக் குண்டு, .015 தடிமன் பருத்தித் துணி. கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவைத் தாண்டாமல் 3எஃப்-இல் தொடங்குங்கள். 50 கிரெய்னை ஒட்டி இருக்கும். குண்டு மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், அந்த இடத்தில் கோலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சுட்ட பிறகு முன்னால் போய் விழுந்த துணியைப் பொறுக்கிப் பாருங்கள். முழுசாக, நடுவில் கரியோடு இருந்தால் சரி. கிழிந்தோ ஓட்டையாகவோ இருந்தால் துணியை .018 ஆக்கிப் பாருங்கள், அல்லது குழல்வாயின் கூர்மையை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். அதற்கு முன் வீட்டில் கல்லுக்குப் பதில் அதே அளவு மரத்துண்டைக் குதிரையில் பூட்டி, குதிரை விழுந்த பிறகும் குறி நகராமல் நிற்கப் பழகுங்கள். ஃப்ரிஸனும் தேயாது.

கரும்புகை:
பானை நிரப்பாதீர்கள். பாதிக்கும் குறைவாகப் போதும். முதல் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள், துணிகளையும் சேர்த்து.