பெயர்ப்பலகையில் ‘பவானி’யை எப்படி எழுதுவது?

கேள்வி: கல்முனைக் கடை
கல்முனையில் புடவைக்கடை திறக்கிறோம். பெயர் ‘பவானி டெக்ஸ்டைல்ஸ்’. பலகை செய்கிற இடத்தில் ‘ரெக்ஸ்ரைல்ஸ்’ என்று மாதிரி தந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எச் வேணுமா, நடுவில் வீயா டபிள்யூவா என்று வீட்டில் ஆளுக்கொரு கருத்து. பதிவு இன்னும் செய்யவில்லை. எதை முதலில் முடிவெடுக்கிற?

பதில்: தூரிகை
முதலில் ஆங்கில எழுத்துக்கூட்டை முடிவெடுங்க. தமிழில் இருக்கிறது ஒரே ‘ப’. வாசிக்கிறவர் பழக்கத்திலேயே சரியாகச் சொல்லிவிடுவார். மற்ற மொழிக்கு மாற்றக்குள்ளதான் பிழை வரும். நம்மட ஒரு ‘ப’வுக்குச் சிங்களத்தில் நாலு எழுத்து. தமிழ் வரியை மட்டும் பார்த்து எழுதுகிறவர் ‘பலூன்’ ஒலிக்குப் பதிலாகப் ‘பழம்’ ஒலியைப் போட்டால் அது உங்கட கடைப் பெயரே இல்லை. ஆகவே சிங்கள வரியை, அந்த மொழி தெரிந்த ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்க.

‘ரெக்ஸ்ரைல்ஸ்’ பிழையில்லை. தமிழ்ச் சொல் ‘ட’வில் தொடங்காது என்பதால் நம்மட ஆக்கள் ரயர், ரவுண், ரீ என்று எழுதிய பழைய வழக்கம் அது. ஆனால் இன்றைக்குப் போனில் தேடுகிறவர் ‘ட’ போட்டுத்தான் தேடுவார். நான் என்றால் ‘டெக்ஸ்டைல்ஸ்’ போடுவேன். ‘பவானி புடவையகம்’ என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை.

அச்சில் கவனிக்க வேண்டியவை. பாமினியில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். யுனிகோட்டில் தட்டினால் சில வடிவமைப்பு மென்பொருட்களில் ‘கொ’வின் கொம்பும் அரவும் பிரிந்து இடம் மாறி நிற்கும். எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிய கோப்பைத்தான் அச்சகத்துக்கு அனுப்பச் சொல்லுங்க. ‘ஔ’ வரவேண்டிய இடத்தில் ‘ஒ’வையும் ‘ள’வையும் தனித்தனியாகத் தட்டுவதும் நடக்கிறது. தடித்த எழுத்துருவில், மேலே வைக்கிற குற்று (புள்ளி) எழுத்தோடு ஒட்டிவிடும். உங்கட பெயரில் ‘க்ஸ்’, ‘ல்ஸ்’ இரண்டு இடத்திலும் அதைப் பார்க்கணும். அரவு ஒன்று விழுந்தால் ‘நகை மாளிகை’ ‘நகை மளிகை’ ஆகிவிடும். பவுனோடு பருப்பும் விற்கிற கடை!

பதில்: பதிவேடு
தனியாள் வியாபாரமோ பங்குடைமையோ என்றால் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். வங்கியில் நடைமுறைக் கணக்கு திறக்க அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். கணக்கின் பெயர் அதில் உள்ளபடியே இருக்கும். பலகையில் எச் இருந்து கணக்கில் இல்லாவிட்டால், வாடிக்கையாளர் பலகையைப் பார்த்து எழுதிய காசோலை திரும்பலாம். எனவே ஒரே தாளில் மூன்று மொழியிலும் பெயரை எழுதுங்கள், ‘அன்ட்’ வந்தால் அதைச் சொல்லாக எழுதுவதா குறியாகப் போடுவதா என்பது வரைக்கும். அதே தாளின் பிரதிதான் செயலகம், வங்கி, பில் புத்தகம், றப்பர் முத்திரை எல்லாவற்றுக்கும் போக வேண்டும். அழகுக்காக ‘லிமிடெட்’ சேர்க்காதீர்கள். அது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்த கம்பனிக்கு உரியது.

முகவரி வரியையும் விடாதீர்கள். ‘அக்கரைப்பற்று’ என்பதில் ற போட்டு ‘அக்கறை’ ஆக்குகிறார்கள். ‘ஏறாவூர்’, ‘வந்தாறுமூலை’ இரண்டிலும் ற. அங்கே ர போடுகிறார்கள். ‘மட்டக்களப்பு’வில் க் காணாமல் போகும்.

கல்முனைக் கடை
நன்றி. போனில் சொல்லக்குள்ள பிரச்சினை வராதா? ஆங்கில B, P இரண்டு எழுத்தையும் நாம ‘பீ’ என்றுதானே சொல்கிறோம்.

பதில்: தூரிகை
வரும். ‘பலூன் பீ’, ‘பேப்பர் பீ’ என்று சொல்லிப் பழகுங்க. அடிக்க முதல் ஐந்து பேருக்குப் போன் எடுத்துப் பெயரைச் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்க. இரண்டு பேர் வேறு மாதிரி எழுதினால் எச்சை விட்டு எளிதான கூட்டுக்குப் போங்க.

பதில்: வால்பேப்பர்
செருப்பும் விற்பதாக இருந்தால் ஒரு விசயம். பாட்டா நிறுவனம் 1894இல் ஸ்லின் நகரில் தொடங்கியது; செக் மொழியில் அந்த ட-வின் ஒலி ‘ட்ய’ போல மெலிந்து வரும். இங்கே ‘பாட்டா’ என்றால் எந்த ரப்பர் செருப்பும்தான். ‘அங்கர்’ என்று பால்மாவைக் கேட்கிறவரிடம் ஆங்கில உச்சரிப்புப் படிப்பிக்கிறது எவ்வளவு வீணோ, இதுவும் அவ்வளவு வீண். விலைச்சீட்டில் மட்டும் பெட்டியில் உள்ள எழுத்துக்கூட்டை அப்படியே பார்த்து எழுதுங்கள். இருப்பு எண்ணும் நாளில் ஒரே சரக்கு இரண்டு பெயரில் நிற்காது.