பெயர் தெரியாமல் தகவல் அனுப்பும் கட்டற்ற செயலி: புதிதாக எழுதுவதா, இருப்பதில் சேர்வதா?

கேள்வி: இறுதியாண்டு மாணவன், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் கணினிப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் நாங்கள் நால்வர், அனுப்பியவர் யாரென்று தெரியாத வகையில் செய்தியும் படமும் அனுப்ப உதவும் ஓர் ஆண்ட்ராய்டு செயலியைத் திட்டப்பணிக்காகக் கட்டற்ற மென்பொருளாக (மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்) எழுத எண்ணியிருக்கிறோம். சுற்றுவட்டார ஊர்களில் கண்மாய்களில் அனுமதித்த ஆழத்திற்கு மேல் மண் அள்ளப்படுவதைப் பலரும் பார்க்கிறார்கள். மனுக் கொடுத்தால், மனு மேசைக்குப் போவதற்கு முன்பே கொடுத்தவர் பெயர் எதிர்த்தரப்புக்குப் போய்விடும் என்ற அச்சத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. அவர்கள் செய்தியாளர்களுக்குத் தகவல் தர ஒரு வழி வேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

கைப்பேசி எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பிக் கணக்குத் தொடங்குவது, செய்திகளைச் சிக்னல் செயலியின் நெறிமுறைப்படி இருமுனைக் குறியாக்கம் செய்வது (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும்), சென்னையில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர் வழியாக அனுப்புவது, பெறுபவரின் திரையில் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணை மட்டும் காட்டுவது என்று வடிவமைத்திருக்கிறோம். இணையம் துண்டிக்கப்பட்டாலும் இயங்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. இந்த அமைப்பு போதுமா, எந்த உரிமத்தில் வெளியிடுவது, சட்டச் சிக்கல் ஏதும் வருமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: தேவகோட்டைக்காரன்

தம்பி, நோக்கம் நல்லது, வடிவமைப்பு ஆபத்தானது. குறியாக்கம் செய்தியின் உள்ளடக்கத்தை மறைக்கும். யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்பதை அது மறைக்காது. மண் அள்ளுவதைப் பற்றிப் பத்திரிகைக்குச் சொன்னவரைத் தேடுகிறவர்களுக்கு அந்தச் செய்தியில் என்ன எழுதியிருந்தது என்று தெரிய வேண்டியதில்லை. அன்றிரவு பத்து மணிக்கு அந்தச் சர்வரோடு தொடர்பு கொண்ட எண்கள் எவை என்று தெரிந்தாலே போதும். ஓ.டி.பி. வாங்கிய எண்ணுக்குப் பின்னால் சிம் இருக்கிறது. சிம்முக்குப் பின்னால் அடையாள ஆவணம் இருக்கிறது. சர்வரை வாடகைக்குத் தருகிற நிறுவனமும் சும்மா இருக்க முடியாது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, தரவு மையங்களும் வி.பி.எஸ். (வாடகை மெய்நிகர் சர்வர்), வி.பி.என். (மெய்நிகர் தனி வலையமைப்பு) தருபவர்களும் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். திரையில் பெயருக்குப் பதில் எண் காட்டுவதால் இவற்றில் எதுவும் மாறாது.

இந்தச் சிக்கலைத் தனியாக எடுத்து ஆராய்ந்தவர் குறியாக்க ஆய்வாளர் டேவிட் சாம். 1981இல் அவர் முன்வைத்த முறையில், செய்திகள் இடையிலுள்ள கணினிகளில் தேங்கி, ஒன்றோடொன்று கலந்து, வரிசை மாறி வெளியேறும். எது எதிலிருந்து வந்தது என்று வெளியிலிருந்து பார்ப்பவரால் கண்டுபிடிப்பது கடினம். அதற்கு விலையாகக் காத்திருக்க வேண்டும். 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் தொடங்கிய வெங்காய வழிச்செலுத்தல், காத்திருப்பைக் குறைப்பதற்காகக் கலப்பதைக் கைவிட்டது. அதிலிருந்து வந்ததுதான், பயனரின் போக்குவரத்தைப் பல இடைக்கணினிகள் வழியாக அனுப்பி அவர் யாரென்பதை மறைக்கும் டோர் வலையமைப்பு. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் நிற்பவருக்குக் கடிதம் கொண்டுவந்தவரைத் தெரியும், அது போகும் இடம் தெரியாது. பின்வாசலில் நிற்பவருக்குப் போகும் இடம் தெரியும், கொண்டுவந்தவரைத் தெரியாது. இடையில் வளவில் இருப்பவருக்கு இந்த இருவரை மட்டுமே தெரியும். டோரின் மூன்று இடைக்கணினிகளும் இப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் இரண்டு தெருவிலும் ஒரே ஆள் நின்று நேரத்தைக் குறித்துக்கொண்டால், வந்ததையும் போனதையும் அவர் பொருத்திவிடுவார். டோரை எழுதியவர்களே தொடக்கத்திலிருந்து ஒப்புக்கொண்டிருக்கும் வரம்பு இது.

இதைவிட உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது கூட்டத்தைப் பற்றிய சங்கதி. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பொய்யான வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் டோர் வழியாகத்தான் அனுப்பினார். டோரை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் வளாக வலையமைப்பில் டோரைப் பயன்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தார்கள், அவரிடம் போய்க் கேட்டார்கள், அவர் ஒப்புக்கொண்டார். அவர் செய்தது குற்றம் என்பது இருக்கட்டும். வளாகத்தில் டோரைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே என்றால் அந்தச் சிலரைத் தேடிப்போவது எளிது. உங்கள் செயலியைச் சாக்கோட்டை ஒன்றியத்தில் ஐம்பது பேர் மட்டும் நிறுவியிருந்தால், அது கைப்பேசியில் இருப்பதே ஒரு தடயம். குறியாக்கத்தை நால்வர் எழுதிவிடலாம், கூட்டத்தை நால்வர் எழுத முடியாது. ஆகவே புதிய வலையமைப்பு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அவசரத்தில் வந்த கருவிகளின் கதைகளையும் படியுங்கள். 2009 தேர்தலுக்குப் பிந்தைய ஈரானியப் போராட்டக்காரர்களுக்காக என்று பெரும் புகழோடு வந்த ஹேஸ்டாக் என்ற தணிக்கை மீறும் மென்பொருள், மூலநிரலை யாருக்கும் காட்டவில்லை. 2010 செப்டம்பரில் வெளியார் சோதித்துப் பார்த்ததும் குறைகள் அம்பலமாகி நிறுத்தப்பட்டது. 2019 ஹாங்காங் போராட்டத்தில் பலர் நம்பிய பிரிட்ஜ்ஃபை, ப்ளூடூத் வழியாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும் செயலி. அதன் செய்திகளைப் படிக்கவும் பயனர்களைப் பின்தொடரவும் முடியும் என்று லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். நம்பியவர்கள் அதற்கு முன்பே நம்பிப் பயன்படுத்திவிட்டார்கள்.

உரிமம் பற்றி: சர்வர் பகுதிக்கு அஃபெரோ ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமம் பொருந்தும், ஏனெனில் மாற்றிய நிரலைச் சர்வரில் ஓட்டுபவரும் அதன் பயனர்களுக்கு மூலத்தைத் தர வேண்டியிருக்கும். செயலிக்கு ஜி.பி.எல். 3 போதும். உரிமத்தைவிட முக்கியமானது, நீங்கள் வெளியிடும் செயலிக் கோப்பு நீங்கள் காட்டும் மூலநிரலிலிருந்துதான் உருவானது என்று வேறொருவர் தன் கணினியில் உருவாக்கிச் சரிபார்க்க முடிவது. டோர் உலாவி 2013 முதல் இதைச் செய்கிறது.

பதில்: கண்டனூர் வலையமைப்பாளர்

மேலே அண்ணன் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. படிக்கும் பிள்ளைகளிடம் எழுதாதே என்று சொன்னால் அடுத்த தலைமுறையில் இவற்றைப் பராமரிக்க ஆள் இருக்காது. சாமின் முறையை நூறு வரியில் எழுதி, உங்கள் ஆய்வகத்திலுள்ள கணினிகளுக்குள் ஓட்டிப் பாருங்கள்; நேரத்தைப் பொருத்தி அனுப்பியவரைக் கண்டுபிடிக்கும் தாக்குதலையும் நீங்களே எழுதுங்கள். திட்டப்பணிக்கு அதுவே தாராளம். அதை ஊராரிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. அடையாளத்தை மறைப்பதும் தடையை மீறுவதும் வெவ்வேறு வேலைகள். டோரின் இடைக்கணினிப் பட்டியல் பொதுவில் இருப்பதால், அவற்றை அப்படியே முடக்குவது அரசுகளுக்கு எளிது. அதனால்தான் பட்டியலில் இல்லாத நுழைவுக் கணினிகளான பாலங்கள் வந்தன. போக்குவரத்தை எந்த நெறிமுறையும் போலத் தோன்றாத இரைச்சலாக மாற்றும் ஓ.பி.எஃப்.எஸ்.4 வந்தது, தன்னார்வலர்களின் உலாவிகளையே தற்காலிக நுழைவாயிலாக்கும் ஸ்னோஃப்ளேக் வந்தது. ரஷ்யா 2021 டிசம்பரில் டோரைத் தடுத்தபோதும், ஈரானில் 2022 செப்டம்பருக்குப் பிறகும் ஸ்னோஃப்ளேக் பெரிதும் கைகொடுத்தது.

ஆனால் கம்பியையே பிடுங்கிவிட்டால் இவை எதுவும் பயன்படாது. 2011 ஜனவரி இறுதியில் எகிப்து அதைத்தான் செய்தது. இங்கே இணையத்தை நிறுத்துவதற்கென்றே 2017இல் விதிகள் வந்தன. அதற்குப் பிரையர் என்ற கட்டற்ற செய்திச் செயலியைப் பாருங்கள். இணையம் இருந்தால் டோர் வழியாகவும், இல்லாவிட்டால் ப்ளூடூத், வைஃபை வழியாகவும் நேரடியாகச் செய்தியை ஒத்திசைக்கும். நடுவில் சர்வர் கிடையாது, கைப்பேசி எண்ணும் கேட்காது. ப்ளூடூத் எட்டும் தூரம் சில பத்து மீட்டர்தான் என்பதால், செஞ்சையிலிருந்து கழனிவாசலுக்குத் தானாகத் தாவிப் போகும் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

பதில்: சிவகங்கை வழக்கறிஞர்

சட்டத்தைப் பொறுத்தவரை, மென்பொருள் எழுதுவதையும் சேவை நடத்துவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குறியாக்க மென்பொருளை எழுதி மூலநிரலை வெளியிடுவதையோ டோரைப் பயன்படுத்துவதையோ குற்றமாக்கும் பொதுவான மத்தியச் சட்டம் இல்லை. சர்வரை நீங்களே நடத்தினால் நீங்கள் இடையீட்டாளர், அதாவது பிறரின் செய்திகளைக் கடத்தும் சேவையாளர், ஆகிறீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின் கீழ், செய்தியை இடைமறிக்கவோ குறியாக்கத்தை நீக்கவோ வரும் உத்தரவுக்கு ஒத்துழைக்க மறுத்தால் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும் என்ற 2021ஆம் ஆண்டு விதி, 50 இலட்சத்துக்கு மேல் பதிவுபெற்ற பயனர்களைக் கொண்ட செய்திச் சேவைகளுக்குரியது. அது இப்போது உங்களைத் தொடாது.

69ஏ பிரிவின் கீழ் ஒரு செயலியையே முடக்கவும் முடியும்; ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், புண்படுத்தும் இணையச் செய்திகளைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை நீக்கியபோதும் 69ஏவை நிலைநிறுத்தியது. 2023 மே மாதத்தில், ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துவதாகச் சொல்லி முடக்கப்பட்ட 14 செயலிகளில் பிரையரும் எலிமெண்ட் என்ற செய்திச் செயலியும் இருந்தன. இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். மேலே பிரையரைப் பரிந்துரைத்தவர் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் நோக்கத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது வேறொன்று. 2014ஆம் ஆண்டின் ஊழல் அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம், புகார் தருபவர் தன் அடையாளத்தைச் சொல்லாவிட்டால் நடவடிக்கை இல்லை என்கிறது. அந்தச் சட்டமும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆகவே அடையாளம் தெரியாத தகவல் பத்திரிகைக்குப் பயன்படும், அரசு அலுவலகத்தில் அது மனுவாக நிற்குமென்று எதிர்பார்க்காதீர்கள். பெயர் தெரியாமல் வரும் தகவலைப் பெறுவதற்கென்றே, பத்திரிகைகளுக்கு உதவும் செக்யூர்டிராப், குளோபலீக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. அவற்றை நிறுவும் சர்வர் செய்தி நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கட்டும். மாணவர்கள் கையில் ஊராரின் இரகசியம் இருக்க வேண்டாம்.

பதில்: பள்ளத்தூர் ஆச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியை

நான் நிரலாளர் அல்ல. சில கட்டற்ற மென்பொருள்களின் திரைச்சொற்களைத் தமிழாக்கி வருகிறேன். இதுவரை யாரும் தொடாத சிலவற்றைச் சொல்கிறேன்.

செய்தி குறியாக்கம் ஆவதற்கு முன்பே விசைப்பலகை வழியாகப் போய்விடலாம். தமிழில் தட்டுவதற்கு நம்மவர்கள் நிறுவிக்கொள்ளும் விசைப்பலகைச் செயலிகள் பல, சொற்களைக் கணிப்பதற்காகத் தட்டுவதைத் தம் சர்வருக்கு அனுப்பக்கூடியவை. இணைய அனுமதியே கேட்காத கட்டற்ற தமிழ் விசைப்பலகை ஒன்றை நன்றாகச் செய்து கொடுத்தால், அதன் பயன் உங்கள் செயலியைவிட அதிகம் பேரைச் சேரும் என்று நினைக்கிறேன்.

உலாவியின் மொழியும் காட்டிக்கொடுக்கும். உலாவி ஒவ்வொரு தளத்திடமும் தனக்கு விருப்பமான மொழியைச் சொல்கிறது. டோர் வழியாக வருபவர்களில் தமிழ் கேட்பவர் வெகு சிலரே என்றால், அவர் அந்தச் சிலரில் ஒருவராகிவிடுகிறார். அதனால்தான் பிற மொழியில் பயன்படுத்துபவரிடம் பக்கங்களை ஆங்கிலத்தில் கேட்கலாமா என்று டோர் உலாவி கேட்கிறது. தமிழில் வேண்டும் என்ற நம் ஆசைக்கும் கூட்டத்தில் மறைவதற்கும் இடையே உண்மையான முரண் இருக்கிறது. இடைமுகத்தைத் தமிழாக்குவது பாதுகாப்பானது. தளத்துக்குச் சொல்லும் மொழி வேறு சங்கதி. இதை விளக்கும் எச்சரிக்கைகளைத் தமிழில் தெளிவாக எழுத ஆள் தேவை. ஓர் எச்சரிக்கையைத் தப்பாக மொழிபெயர்த்தால் அதை நம்பி ஒருவர் மாட்டிக்கொள்வார்.

எழுத்து நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஒருவர் எழுதும் உறவுமுறைப் பெயர்களிலிருந்தே அவர் எந்தச் சமூகம் என்று ஊகித்துவிடுவார்கள். ஊரும் தெரிந்துவிட்டால் வீட்டை நெருங்க வெகுநேரம் ஆகாது. படங்களில் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை நீக்கிவிட்டாலும், ஓர் ஓரத்தில் தெரியும் ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையைப் பார்த்து இன்னார் வீட்டு வளவு என்று சொல்லக்கூடியவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். செயலியால் இதைத் தடுக்க முடியாது. அனுப்பும் முன் நினைவூட்டலாம்.

கேள்வி கேட்டவர்: இறுதியாண்டு மாணவன், காரைக்குடி

அனைவருக்கும் நன்றி. ஓ.டி.பி., சொந்தச் சர்வர் இரண்டையும் கைவிட்டுவிட்டோம். வலையமைப்பாளர் அண்ணன் சொன்னபடி கலப்பு முறையையும் அதன் மீதான தாக்குதலையும் ஆய்வகத்துக்குள் எழுதித் திட்டப்பணியாகத் தரப்போகிறோம். ஆச்சி சொன்ன விசைப்பலகையை எங்களில் இருவர் தனியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஓர் ஐயம்: விடுதி இணைப்பில் ஸ்னோஃப்ளேக் ஓட்டலாமா? ஈரானில் யாரோ ஒருவர் பார்க்கும் தளத்துக்கு எங்கள் முகவரி போய், நாளைக்கு எங்களைத் தேடி யாரும் வர மாட்டார்களே?

பதில்: தேவகோட்டைக்காரன்

வர வாய்ப்பு மிகக் குறைவு. ஸ்னோஃப்ளேக் நுழைவு மட்டுமே. உங்கள் கணினியிலிருந்து கிளம்பும் போக்குவரத்து டோரின் உள்ளே போய், வேறொரு வெளியேறு கணினி வழியாகத்தான் தளத்தைச் சேரும். தளத்தின் பதிவேட்டில் இருக்கப்போவது அந்தக் கடைசிக் கணினியின் முகவரிதான். ஆனால் வெளியேறு கணினியை மட்டும் விடுதியிலோ வீட்டிலோ ஒருபோதும் ஓட்டாதீர்கள். அங்கே பிறர் செய்வதெல்லாம் உங்கள் முகவரியில் பதிவாகும். ஸ்னோஃப்ளேக்குக்கும் வலையமைப்பை நிர்வகிப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். விடுதி இணைப்பு பல பேர் ஒரே முகவரியைப் பகிரும் வகை என்றால் எல்லாப் பயனர்களும் உங்களோடு இணைய முடியாது. அதில் குறையொன்றும் இல்லை, முடிந்தவர்கள் இணைவார்கள்.

பிரையரில் பங்களிக்க விருப்பம் இருந்தால் அது பெரும்பாலும் ஜாவாவில் எழுதப்பட்டது, உங்களுக்குக் கடினமாக இருக்காது. முதலில் மூலத்திலிருந்து நீங்களே உருவாக்கிப் பாருங்கள். பிறகு வீட்டில் கிடக்கும் பழைய கைப்பேசிகளில் தமிழ் எழுத்து உடைகிறதா, ப்ளூடூத் இணைப்பு அறுகிறதா என்று சோதித்து, கைப்பேசியின் மாதிரியும் ஆண்ட்ராய்டு பதிப்பும் குறிப்பிட்டு வழு அறிக்கை எழுதுங்கள். டோரின் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற இணைய மொழிபெயர்ப்புத் தளத்தில் நடக்கிறது. ஆச்சி அதற்கு வந்தால், நான் அவர்களோடு சேர்ந்து சரிபார்க்கிறேன்.